சும்மா வந்ததற்கு விலை

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகள் லோஜினிக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் மருமகன் இராகுலனும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். இதை ஏன் கையால் எழுதித் தபாலில் போடுகிறேன் என்று யோசிப்பாய். வீட்டுக் கணினியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போடுவித்தாயே, அதற்குள் இருந்து உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை, யார் யார் வாசிப்பார்களோ. கனடாவுக்கு வந்து சேரப் பிந்தினாலும் கடிதம் ஒட்டினபடி வரும். இங்கே மழை விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, ஆனால் மருந்தைக் குடிக்காமலே குடித்தேன் என்கிறார். சாம்பல்தீவுக் காணியில் மாமரம் பூத்திருக்கிறது.

நீ போனில் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மதுசன்தான் அதைப் போட்டுத் தந்தான். எவ்வளவு தம்பி என்று கேட்டேன், சும்மாதான் அங்கிள் என்றான். உன் கூலியைக் கேட்கவில்லை, சாமானின் விலையைக் கேட்கிறேன் என்றேன், அதுவும் சும்மாதான் என்று சிரித்தான். நான் துறைமுகத்தில் காலமெல்லாம் சரக்குப் பொறுப்பெடுத்தவன், அன்பளிப்பு என்று எழுதி வந்த பெட்டியைத்தான் முதலில் திறப்பேன், அடியில் எப்போதும் வேறு ஏதாவது இருக்கும். முன்பு இருந்த விண்டோஸ் கடைக்காரன் போட்ட கள்ளக் கொப்பி என்று நீ சொன்னாய். இருக்கட்டும், அதற்கு நான் காசு கொடுத்தேன், அவனுடைய வீடும் எனக்குத் தெரியும். இது யாருடையது என்று கேட்டால் எல்லாருடையதும் என்கிறாய். எல்லாருடையது என்றால் ஒன்று நடந்தால் யாருடைய வாசலில் போய் நிற்பது.

அதற்குள் எல்லாம் தமிழில் வேறு இருக்கிறது. இதைச் செய்தவர்களின் பெயர்கள் ஓரிடத்தில் இருந்தன, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன், நம்முடைய ஆட்களின் பெயர்களும் கிடக்கின்றன. சம்பளமில்லாமல் இத்தனை பேர் குந்தியிருந்து ஏன் எழுத வேண்டும், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். கோயில் மடத்தில அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுற சனத்திட்டயும் போய் இப்பிடித்தான் கேப்பியளோ என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அது புண்ணியத்துக்கு, இது எதற்கு என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை.

ஆனபடியால் நானே ஒரு பொறி வைத்தேன். சாம்பல்தீவுக் காணியை விற்கப்போகிறேன் என்று பொய்யாக ஒரு கடிதம் அந்தக் கணினியில் தட்டி வைத்துவிட்டு, யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று இருந்தேன். அடுத்த கிழமையே காணித் தரகர் ஒருவர் வந்து படலையைத் தட்டினார். பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். எப்படித் தெரியும் என்று மிரட்டிக் கேட்டால், ஐயா, உங்கட வீட்டம்மா மீன் சந்தையில நிண்டு அழுதவ, சொல்லாமக் கொள்ளாமக் காணிய விக்கிறார் எண்டு என்றார். திரையில் நான் மூடாமல் விட்டதை அம்மா வாசித்திருக்கிறார். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு மேசையில் இருந்தது, பேச்சு இல்லை. ஆக, கணினி ஒன்றையும் வெளியே சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று சொன்னேன், நீ அங்கிருந்தபடியே கணினிக்குள்ளே வந்து செய்தாய். அதற்கும் ஒரு மென்பொருள், அதுவும் சும்மா. மவுஸைத் தொடாமலே அம்பு திரையில் நடந்தது. மகள் வந்திட்டாள் என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார், நீ முடித்துவிட்டுப் போன பிறகும் எழும்பவில்லை. அப்போது போனில் நீ, இனி இதுக்காக நான் வரத் தேவையில்லை அப்பா, எல்லாம் இங்க இருந்தே செய்யலாம் என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். அன்றைக்குத்தான் இந்தச் சாமானின் விலை எனக்குத் தெரிந்தது.

மகள், உனக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், விமானச் செலவு, இதெல்லாம் தெரிந்துகொண்டு வா என்று வாய் திறந்து கேட்க எங்களுக்குக் கூச்சம். கணினி மெதுவாகி இழுக்கிறது, நீ வந்து பார்த்தால்தான் சரிவரும் என்று சொல்வது லேசாக இருந்தது. நீயும் ஆடி விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் அதற்கு முன்னால் இருப்பாய், அம்மா பக்கத்தில் நின்று இடியப்பத்தை ஊட்டிவிடுவார். இந்த இழவு லினக்ஸ் வந்த பிறகு இழுக்கிறதும் இல்லை, நிற்கிறதும் இல்லை. சொல்வதற்கு ஒரு பழுதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அப்ப மகள் இந்த ஆடிக்கு வரமாட்டாளோ என்று அம்மா கேட்கிறார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளையோடு வீட்டில் தமிழில் கதை. மருமகனை வேகமாகக் கார் ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு. கணினியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஆடிக்கு வா.

உன் அப்பா,
குலசிங்கம்