பச்சைச் சட்டையோடு வந்து நின்றவனுக்கு

தம்பி,

இன்று காலை செல்வி தன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எனக்கு ஒரு பந்தாட்டம் காட்டினாள். குரோஷியா என்கிற நாட்டில் நேற்று நடந்த கோப்பை இறுதி ஆட்டம். ஆடியவர்கள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கவும் போயிருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் எனக்கு மட்டும் அது இன்னும் ஆரம்பிக்கவில்லை. "யார் ஜெயிச்சாங்கன்னு எவளாவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

திரையில் முதலில் தெரிந்தது புகை. ஜனங்கள் கையில் சிவப்பு மத்தாப்பைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். மைதானமே மறைந்துபோய், ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். அந்தப் புகைக்குள் ஒரு ஓரமாகப் பச்சைச் சட்டை ஒன்று தெரிந்தது. கோல் காப்பவன், நம் பேச்சில் கோலிக்காரன். இரண்டு கம்பத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு நடுவில் வந்து நின்றான். நீயும் அப்படித்தான் தட்டுவாய், கம்பத்துக்குப் பதில் கல்லாக இருந்தாலும்.

போன தையில் நீ போனாய். இது வைகாசி. இந்த ஐந்து மாதத்தில் உன்னை நினைத்து நான் அழவில்லை என்பதை நீயே பார்த்துக்கொண்டிருப்பாய். உன்மேல் எனக்கு இருந்த கோபம் நீ போனதும் போய்விடவில்லை. போகக்கூடிய கோபத்தை நான் வைத்துக்கொள்வதும் இல்லை.

இந்த ஆட்டம் எப்படி என் வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். செல்வியின் மகன் பிரபு அந்த நாட்டில்தான் இருக்கிறான். ஸ்பிளிட் என்று ஒரு கடற்கரை ஊர், அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அவனுடைய அக்கா மகளுக்கு, அதாவது செல்வியின் பேத்திக்கு, என் கொள்ளுப்பேத்திக்கு, வையம்பட்டி குலதெய்வம் கோயிலில் காது குத்த இந்த மாதக் கடைசியில் நாள் பார்த்திருக்கிறோம். தாய்மாமன் அவன். அவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அவனோ, இப்போது அங்கே கூட்டம் வரும் காலம், மாற்று ஆள் வரும்வரை லீவு இல்லை, ஒரு மாதம் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, நேற்று சாக்ரெப்பு நகரத்துக்குப் பஸ் ஏறிப்போய் ஆட்டமும் பார்த்திருக்கிறான்.

"பந்து பாக்க லீவு கெடைக்குது. அக்கா பிள்ளைக்குக் கெடைக்கலையா?" என்று செல்வி குதித்தாள்.

"அது ஒருநாள் லீவும்மா. ஊருக்கு வரதுன்னா பத்து நாளாவது வேணும்" என்றான் அவன்.

பூசாரி இன்று மாலைக்குள் முடிவு கேட்டிருந்தார். நான் நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "வராத மடிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒண்ணுவிட்ட மாமன் எவனாவது இருப்பான், உக்கார வைங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

செல்விக்கு அப்போது ஒரு வயது. அதே கோயில். பன்னிரண்டு மணிக்குள் காது குத்தியாக வேண்டும். கைலாசபுரத்தில் உங்கள் ஆலைக் கோப்பையின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம் சமமாக முடிந்து, மறு ஆட்டம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்று வைத்துவிட்டார்களாம். "ஒன்பது மணிக்கு மன்னார்புரத்துல பஸ் ஏறிடுவேன்க்கா. பதினொண்ணுக்கு உன் மக என் மடியில இருப்பா" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாய்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். என் மாமியார், "உன் தம்பிக்குப் பந்துதான் அக்கா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நம் சின்னம்மா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தேன். அவன் வாயில் வெற்றிலை. பிள்ளை வீரிட்டது.

நீ பன்னிரண்டரைக்கு வந்தாய். பச்சைச் சட்டை, அரைக்கால் டிரவுசர், முட்டியெல்லாம் காய்ந்த மண். கோயில் வாசலில், அத்தனை சொந்தக்காரர் நடுவில், அந்தக் கோலத்தில். கையில் தோடு இருந்த சிறிய டப்பா. "அக்கா, வந்துட்டேன்ல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அப்பா உனக்குப் பரிந்துகொண்டு, "கோலிக்காரன் பாதியில எப்படிம்மா வருவான்? மத்தவனாச்சும் வரலாம்" என்றார்.

"பந்தையே மடியில வச்சுக்கடா" என்று சொல்லி, டப்பாவை உன் கையிலேயே திருப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது எதையும் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. எட்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் அளந்துதான் பேசினேன். என் சின்ன மகனுக்குக் காது குத்தியதை உனக்குச் சொல்லவே இல்லை. செல்வி கல்யாணத்தில் மாமன் மாலையோடு நீ நின்றபோது சபைக்காக, "வா" என்றேன். அந்த ஒரு எழுத்துக்கு நீ முகமெல்லாம் சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் அன்றைக்கு நான் நம்பவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பிரபு இருக்கும் கடற்கரை ஊர். நீலச் சட்டைக்காரர்கள் தலைநகரம். இரண்டு ஊருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகையாம். "எங்க முதலாளி நீலக் கலர் சட்டைகூடப் போடமாட்டாரு அம்மாச்சி" என்று பிரபு சொல்லியிருக்கிறான். நல்ல ஜனங்கள் என்று எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

நீலத்தில் ஒன்பதாம் நம்பர் போட்டவன் தலையால் முட்டி முதல் கோல் போட்டான். வெள்ளையில் வழுக்கைத் தலையோடு ஒரு கேப்டன், வயது நாற்பதை நெருங்கியிருக்கும், மூச்சு வாங்க வாங்க ஓடி, கடைசி நேரத்தில் அதைச் சமன் செய்தான். கூடுதல் நேரமும் ஆடிப் பார்த்தார்கள். விடியவில்லை. அப்புறம் நீ சொல்வாயே, பக்கத்துக்கு ஐந்து பந்து கோலைப் பார்த்து அடிக்கிற டை பிரேக்கர், அதற்கு வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்களின் பயிற்சியாளர் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பச்சைச் சட்டைக்காரன், அத்தனை நேரம் காத்து நின்றவன், கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அவன் இடத்தில் வேறு ஒருவன் போய் நின்றான். வெளியே வந்தவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னடி இது? கோலிக்காரனை மாத்தலாமா?" என்றேன்.

"மாத்தலாம்மா. அடுத்தவன் பந்து பிடிக்கறதுல கெட்டிக்காரனா இருந்தா மாத்துவாங்களாம்" என்றாள் செல்வி.

எனக்குப் பிடரி சூடாகிவிட்டது. அப்பா சொன்னதை இத்தனை வருஷம் வேதம் என்று நம்பியிருக்கிறேன். மாற்றலாம் என்றால் நீ ஏன் மாற்றிக்கொண்டு வரவில்லை?

கோபத்தோடேதான் மீதியைப் பார்த்தேன். ஆனாலும் கண் தானாக இடுப்புக்குப் போயிற்று. வைக்கோல் பிரியைச் சுருட்டிப் பந்தாக்கி, இரண்டு கல்லுக்கு நடுவில் நீ நின்றுகொண்டு, என்னை அடிக்கச் சொல்வாயே. "கண்ணைப் பாத்தா ஏமாந்துடுவக்கா. கண்ணு பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது." நீலக்காரன் ஒருவன் ஓடி வந்தான். "இடது பக்கம்" என்றேன். இடது பக்கம் போயிற்று. அடுத்தவன் வந்தான். "வலது" என்றேன். வலதுதான், புதுக் கோலிக்காரனும் அந்தப் பக்கமே விழுந்து பிடித்துவிட்டான். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, ராத்திரியே பாத்துட்டியா?"

வழுக்கைக் கேப்டன் அடித்தது கம்பத்தில் பட்டுத் தெறித்தது. இருந்தும் கடைசியில் வெள்ளைதான் ஜெயித்தது. முதலில் ஓடியவன் யார் தெரியுமா? துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். புதியவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இருவருக்கும் பதக்கம் போட்டார்கள்.

நான் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தோணிக்குப் போன் போடச் சொன்னேன். உனக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆடிய அந்தோணிதான். மன்னார்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், முட்டி வலியோடு. உன் பதினாறாம் நாளுக்கு வந்தபோது நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். உன்னைத் திட்ட முடியாது, உன் கூட்டாளியையாவது திட்டலாம் என்றுதான் பேசினேன்.

"அந்தோணி, நேராவே கேக்குறேன். கோலிக்காரனை மாத்தலாமாமே. என் மக காது குத்து அன்னைக்கு என் தம்பியை ஏன் மாத்தி அனுப்பல நீங்க?"

"அனுப்பினோமேக்கா" என்றார்.

"என்னய்யா சொல்றீங்க?"

"கூடுதல் நேரம் முடிஞ்சுது. டை பிரேக்கர்னாங்க. அவன் மணியைப் பாத்தான். அக்கா வீட்டு விசேஷம், நான் போறேன்னான். கேப்டன் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினாரு. ரெண்டாவது கோலிக்காரனுக்கு முந்தின நாளே விரல் ஒடஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சு. அவன் நிக்கல, வேலியைத் தாண்டிக் குதிச்சு ஓடிட்டான். குளிக்கல, துணி மாத்தல."

"அப்ப கோல்ல யாரு நின்னது?"

"நான்தான் நின்னேன். சட்டைகூட அவன் பச்சையைப் போட்டுக்கிட்டே ஓடிட்டான். நான் என் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நின்னேன். அஞ்சு பந்து அடிச்சாங்க. அஞ்சும் உள்ள போயிடுச்சுக்கா."

பஸ் மணப்பாறைக்கு முன்னால் பழுதாகி நின்றதாம். மிச்சத் தூரத்தை ஓடியும் மாட்டு வண்டியில் ஏறியும் வந்திருக்கிறாய். ஆலையில் இரண்டு வருஷம் உன்னோடு பலர் பேசவில்லையாம். இங்கே நானும் பேசவில்லை.

"ஏன் அந்தோணி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தனை வருஷம்!"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்க்கா. தோத்தது தெரிஞ்சா, அந்தப் பிள்ளை ராசியாலதான் கோப்பை போச்சுன்னு உங்க மாமியா வீட்டுல பேசுவாங்கன்னான். பொம்பளப் பிள்ளை, காலத்துக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கும், எங்க அக்கா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்னான்."

போனை வைத்துவிட்டேன். செல்வி அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசி கெட்டவள் என்று ஒரு நாளும் யாரும் சொல்லாத என் மகள். என் மாமியார் சொல்லியிருப்பாள், தம்பி. நிச்சயம் சொல்லியிருப்பாள். நீ கணக்குப் போட்டது சரிதான்.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரே சொல்லும். அன்றைக்கு ஆசாரி கட்டியிருந்த வேட்டிக் கரையைக் கேட்டாலும் சொல்வேன். உன் முட்டியில் மண் காய்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது, உன் உதடு வெடித்திருந்ததும் இருக்கிறது. ஆட்டம் முடிந்து வருகிறவன் குளித்து வேட்டி கட்டிக்கொண்டல்லவா வந்திருப்பான்? பார்த்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன், ஒன்றையும் யோசிக்கவில்லை. ஜெயித்தாயா, தோற்றாயா என்றுகூட நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு எட்டு வருஷம் கழித்துப் பேச ஆரம்பித்தபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உனக்குப் பொய் வராது. பந்து விஷயத்தில் நீ பொய் சொன்னதே இல்லை.

பூசாரிக்கு நானே பேசினேன். காது குத்தை ஆனிக்கு மாற்றியாயிற்று. பிரபுவுக்குச் செல்வி செய்தி போட்டாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"அம்மாச்சி, நெசமாவா? நீங்களா மாத்தினீங்க?"

"நான்தான்டா. ஒரு கோலிக்காரன் கேட்டுக்கிட்டான்."

"எந்தக் கோலிக்காரன்? வெளிய வந்தவனா, உள்ள போனவனா?"

"வெளிய வந்தவன்" என்றேன்.

நான் திருப்பிக் கொடுத்த அந்தத் தோட்டை உன் பெண்டாட்டி காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் கொடுத்துவிட்டாள். "உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு" என்றாள். அப்போது வாங்கி, பார்க்காமலே பீரோவில் போட்டேன். இன்று எடுத்துப் பார்த்தேன். திருகு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. செல்வியின் பேத்தி காதுக்குச் சரியாக இருக்கும். பிரபு மடியில் உட்கார்ந்து அவள் வீரிடட்டும்.

உன்மேல் இருந்த கோபத்தை இனி என்மேல் வைத்துக்கொள்கிறேன். எங்காவது வைத்தாக வேண்டும், எனக்கு இல்லாமல் முடியாது.

மத்தியானம் சாப்பிடும்போது அந்த ஐந்து பந்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தோணி பாவம், கண்ணைப் பார்த்திருப்பார். நீ நின்றிருந்தால் இடுப்பைப் பார்த்திருப்பாய். மூன்று என்று சொன்னால் பாசத்தில் சொல்கிறேன் என்பாய். இரண்டு பிடித்திருப்பாய், தம்பி. இரண்டையாவது நிச்சயம் பிடித்திருப்பாய்.

அக்கா