பதினேழாம் மனைக்கு மேற்கு

போன மாதம் கலா உன் மனைப் பத்திரத்தின் நகலை என் மேசைமேல் வைத்தபோது, ஜெராக்ஸ் தாளில் இன்னும் சூடு இருந்தது. நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். அதற்குள் மூன்று சொற்கள்: பதினேழாம் மனைக்கு மேற்கு.

நீ இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகளோடு இருக்க உன் மனைவி கலா முடிவு செய்துவிட்டார். வாங்க வந்தவரின் வழக்கறிஞர்தான் வட்டம் போட்டவர். உன் பத்திரம் பதினெட்டாம் மனைக்கு. உன் வீடு நிற்பதோ பதினேழில். பதினேழு என்னுடையது. உன் பதினெட்டில் நான் வீடு கட்டி இருக்கிறேன்.

“அண்ணே, அப்போ இத்தினி வருசமா உங்க ஊட்லயா நான் குடி இருந்துகினு கீறேன்?” என்றார் கலா.

பாரிவாக்கத்தில் நாம் வாங்கியவை அடுத்தடுத்த இரண்டு மனைகள். இருபுறமும் மண் தெரு. கல்லில் எழுதிய எண்கள் மழையில் அழிந்திருந்தன. ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, சீருடையோடே வந்து நின்றாய்.

“நைனா, நீதான பேப்பர்காரன். படிச்சிச் சொல்லு, எனுது எது?”

படித்தேன். பதினேழாம் மனைக்கு மேற்கு என்றால், அந்த மனைக்கு மேற்கே உன் நிலம் கிடக்கிறது என்று பொருள். நானோ உன் நிலத்துக்கு மேற்கே பதினேழு இருப்பதாக எடுத்துக்கொண்டு, கிழக்கைக் கை காட்டினேன். நீ மறுபேச்சில்லாமல் போய்க் கிழக்கில் நின்றாய். நில மோசடிகளைப் பற்றிப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதியவன், ஒரு ‘க்கு’வில் விழுந்தேன். வங்கிக் கடன் வாங்காமலே கட்டியதால் வேறு யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

அவரவர் வீடு நிற்கும் மனையை அவரவர் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றார் வழக்கறிஞர். ஆனால் இப்போது உன் வீட்டு வாசல் தெருவில் பஸ் போகிறது. “பஸ் ரோட்டு மனை நம்மளுதுப்பா. அவசரப்பட்டுக் கையெழுத்து போட்டுடாத,” என்றான் என் மகன். இரண்டு நாள் யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க முடியாது. நிலம் எனது, வீடு உனது, பிழை எனது. எதிலிருந்து தொடங்கினாலும் குழம்பித்தான் போனேன்.

கடைசியில், வாரிசுச் சான்றோடு கலாவும் உன் மகளும் பதிவு அலுவலகத்துக்கு வந்தார்கள். மனைக்கு மனை மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் நேற்று பதிவானது. எல்லைகளை எழுத்தரிடம் மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். “சார், ஏற்கெனவே ஏமாந்தவரா?” என்றார். ஏமாற்றியவனா என்றுதான் எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சைக்கிளில் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மணி அடித்துக் கேட்பாய்: “இன்னா நைனா, என் ஊட்ல சௌகரியமா கீறியா?”

“காலி பண்ணச் சொல்லாதப்பா,” என்பேன். இருவரும் சிரிப்போம்.

தெரிந்துதான் கேட்டாயா? கலாவிடம் விசாரித்தேன். “அவரு யாரத்தான் கலாய்க்காம வுட்டாரு?” என்கிறார். ஆனால் வேறு எந்த வாசலிலும் நீ அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? கிழக்குப் பக்கம் பிடித்துப் போயிற்றா, என்னைக் கூச வைக்க வேண்டாம் என்று நினைத்தாயா? விசாரித்து எழுதியே பிழைத்தவனுக்கு, இதை விசாரிக்க ஆள் இல்லை.

நான் குடியிருக்கும் வீடு இப்போது பத்திரப்படியும் என்னுடையது. ஆனாலும் பூட்டில் சாவியை நுழைக்கும்போது, உன்னிடம் கேட்டுவிட்டுத் திறப்பதுபோலவே இருக்கிறது.