போதும் என்று நான் வேண்டிய உயரம்

என் கட்டை மாமாவுக்கு,

இந்தப் பெயரை நான் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளே மட்டும்தான். இந்தக் கடிதம் பேப்பரில் வரப்போகிறது என்று தெரிந்தும் எழுதுகிறேன், நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து நீங்கள் இறங்கினால் ஆளே தெரியாது. "சாக்கு தன்னால நடந்து வருது பாரு" என்பார்கள். "ஆமா, ஒங்க வீட்டுக்குத்தான் வருது, தேத்தண்ணி ஊத்தி வைய்யி" என்று சாக்குக்குக் கீழேயிருந்து நீங்கள் பதில் சொல்வீர்கள்.

முதலில் சேதியைச் சொல்கிறேன். நம்ம மகள் தர்சினி மாலைத்தீவில் இருக்கிறாள். அங்கே ஒரு கூடைப்பந்துக் கழகம் அவளைச் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறது. கொழும்பில் கம்பனி டீமில் இருந்தபோது பகலில் ஆபீஸ், சாயங்காலம்தான் பந்து. அங்கே அப்படி இல்லையாம்.

"பகல்ல ஒனக்கு என்னா வேலை?" என்று போனில் கேட்டேன்.

"வெளையாடுறதுதாம்மா வேலை."

"அது சாயங்காலம். பகல்ல?"

"பகல்லயும் அதுதாம்மா."

எனக்கு அது விளங்க இரண்டு நாள் ஆனது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பார்வதி அக்கா, "அதெல்லாம் இருக்கட்டும், ஏரோப்பிளேன்ல கால நீட்ட எடம் இருந்திச்சாமா அவளுக்கு?" என்று கேட்டாள். லயத்து வரிசை வீடு முழுக்கச் சிரித்தது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது மாமா. உங்களிடம் சொல்லாமல் நான் வைத்திருந்தது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தர்சினிக்குப் பதின்மூன்று வயதில் அவள் உயரத்தில் உங்களைத் தாண்டினாள். உங்களுக்கு எவ்வளவு சந்தோசம். கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் கல் வைக்க அவளைக் கூப்பிட்டு, "இனிமே நம்ம வீட்டுக்கு ஏணி வேணாம் செல்வி" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முதல் நாள்தான் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது பார்வதி அக்கா கேட்டிருந்தாள்.

"ஏன் செல்வி, அப்பன் இம்புட்டு, அம்மாக்காரி இம்புட்டு. மக மட்டும் எப்புடி இந்த ஒசரம்? அப்ப இருந்த கணக்கப்புள்ள ஒருத்தரு நல்ல ஒசரம், இல்ல?"

வரிசை முழுவதும் சிரித்தது. தராசில் போட வேண்டிய கொழுந்தை நான் தரையில் கொட்டிவிட்டேன். இதை எழுதலாமா என்று இப்போது அக்காவிடமே கேட்டேன். "எழுது, நான் சொன்னதுதானே" என்று சொல்லிவிட்டு அவளும் கொஞ்சம் அழுதாள்.

அன்றைக்கு நான் உங்களிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமையே, யாரும் கேட்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "எங்க அம்மாவப் பெத்த தாத்தா வாசல்ல குனிஞ்சுதான் நொழைவாராம். ஒனக்கும் அவருதானே தாத்தா." அவ்வளவுதான். உங்கள் காதுக்கும் அது வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. அத்தை மகனைக் கட்டியதற்கு அன்றைக்குப் போல நான் என்றைக்கும் சாமிக்கு நன்றி சொன்னதில்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. இந்தப் பிள்ளையை யார் கட்டுவார்கள், இன்னும் வளர்ந்தால் இன்னும் என்ன பேசுவார்கள் என்று ஒரே யோசனை. அந்த வருடத் திருவிழாவில் மாரியம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். "தாயே, எம்புள்ள வளந்தது போதும். இதோட நிறுத்திரு. மூணு வருசம் பால்கொடம் எடுக்குறேன்." என்ன வேண்டுதல் என்று நீங்கள் கேட்டீர்கள். குடும்பம் நன்றாக இருக்கத்தான் என்று பொய் சொன்னேன்.

அவள் அதற்குப் பிறகும் வளர்ந்தாள். ஹட்டன் டவுனில் காலேஜ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் கோச் மிஸ் அவளைப் பார்த்த உடனே பந்து போடுகிற ரிங்குக்குக் கீழே நிறுத்திவிட்டார். பந்து மேலே வந்தால் இவள் கைதான் முதலில் போகும். பனி மூடி ரிங் தெரியாத நாளிலும் போடுவாளாம். ஐந்து மணிக்கு எழுந்து டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் நீங்கள் கூடப் போவீர்கள், பிறகு ஓடி வந்து, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்பீர்கள். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

மூன்றாவது பால்குடம் எடுத்த வருடம் அவள் வளர்வது நின்றுவிட்டது. ஐந்தடி ஒன்பது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கம் போனது, டீமுக்கு ஆள் எடுக்கிற தெரிவுக்கு அவள் கொழும்புக்குப் போனபோது. நம் காலேஜில் அவள்தான் உயரம். அங்கே போனால் ஆறடிப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். "இன்னும் ரெண்டு இஞ்சு இருந்திருந்தா எடுத்திருப்போம்னு சொன்னாங்கம்மா" என்று போனில் சொன்னாள். அவள் அழவில்லை. நான்தான் அடுப்படியில் அழுதேன். அந்த இரண்டு அங்குலத்தை வெட்டியது நான்தானே மாமா.

மறுநாள் கோயிலுக்கு ஓடினேன். வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியுண்டா என்று பூசாரியிடம் கேட்டேன். "வாங்குன சாமானத் திருப்பிக் குடுக்க இது என்னா கடையா தாயி?" என்றார்.

நீங்கள்தான் அன்றைக்கு அவளிடம் பேசினீர்கள். "ஒசரம் போதாட்டி விடு. நான் இந்த ஒசரத்துல சாக்கு தூக்கலையா? மேல எடமில்லாட்டி கீழ பூந்து போ." அவள் சிரித்தாள். கோச் மிஸ்ஸும் அதே யோசனையில்தான் இருந்தாராம். ரிங்குக்குக் கீழே நிற்பதை விட்டுவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்களுக்கு நடுவில் குனிந்து ஓடி மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற இடத்துக்கு அவளை மாற்றினார். ஒரு வருடம் முழுக்க அதையே பழகினாள். விழுந்து விழுந்து முழங்காலில் தோல் நின்றதில்லை. அடுத்த தெரிவில் கம்பனி டீம் எடுத்தது. அந்தப் படம் பேப்பரில் வந்ததை நீங்கள் பார்த்தீர்கள், பெக்டரி முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினீர்கள். அதை நீங்கள் பார்த்துவிட்டுப் போனதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். பார்வதி அக்கா என் தோளில் தலையை வைத்துப் பார்த்தாள். பல நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், எல்லாம் மலை மலையாக. அவர்களுக்கு நடுவில் நம் பிள்ளைதான் கட்டை. பந்தோடு குனிந்து பூந்து போகிறாள். நடை அப்படியே உங்கள் நடை. பிள்ளை யாரைப் போல என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இரண்டு அங்குலம் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது.

அவள் மாலைத்தீவு போன சேதியைச் சொல்ல இந்தக் கிழமை மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போனேன், சனம் சாமி கும்பிட மலையேறுகிற சீசனில் தொப்பியும் கம்பளியும் விற்கிற உங்கள் கூட்டாளி ராசு அண்ணனிடம். சனிக்கிழமைகளில் அவர் கடைக்கு உதவிக்குப் போகிறேன் என்றுதானே போவீர்கள்? திரும்பி வந்து கால் வலி என்பீர்கள், கடையில் நின்ற வலியென்று நான் தைலம் தேய்த்துவிடுவேன்.

"கடையில எங்கம்மா நின்னாரு?" என்றார் ராசு அண்ணன். "மூணு சீசன் உச்சி வரைக்கும் ஏறுனாரு. புள்ள ஒசரமா வளரணும்னு வேண்டிக்கிட்டு. 'வீட்டுல ஒருத்தி வேணாங்குறா, நான் வேணுங்குறேன், சாமி பாவம் ராசு'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

பூசாரி சொன்னாரோ, நான் வாய்விட்டு வேண்டியது உங்கள் காதில் விழுந்ததோ, எப்படியோ என் வேண்டுதல் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைத் திட்டவில்லை. பிள்ளையிடம் சொல்லவில்லை. மூன்று வருடமும் என் தலையில் பால்குடத்தை நீங்கள்தான் தூக்கி வைத்தீர்கள். அந்தக் கையை நான் இனி எங்கே தேடுவேன்?

எவ்வளவு உயரம் கேட்டார் என்று ராசு அண்ணனிடம் கேட்டேன். "நானும் கேட்டேன் தங்கச்சி. அது எனக்கும் சாமிக்கும் உள்ளதுன்னுட்டாரு."

அடுத்த சீசனில் தர்சினி லீவில் வருகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் என் வாயால் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறுவேன். என் முழங்கால் என்ன சொன்னாலும் சரி, உச்சிக்குப் போய் உங்கள் பெயரைச் சொல்லி மணி அடிப்பேன். இது சத்தியம்.

சாமி என் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைப் பாதியில் நிறுத்தியதா, இல்லை நீங்கள் கேட்டதை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தியதா? அந்த ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு. நீங்கள் எத்தனை அடி கேட்டீர்கள் மாமா?

உங்கள் மாமன் மகள்,
தர்சினியின் அம்மா,
செல்வி