பெட்டிக்கு வெளியே வந்த சூடு

இன்று காலை உன் கணினிப் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடித் தகட்டைக் கழற்றினேன். தூசு தட்ட வேண்டும் என்று வெகுநாளாகத் தள்ளிப் போட்டு வந்த வேலை. விசிறிக்குப் பின்னால், உலோகத் தகடுகளின் இடுக்கில், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூரிகையால் தட்டியதும் வாசம் வந்துவிட்டது. வேர்க்குருப் பவுடர். உன் மனைவி விமலா உன் கழுத்தைச் சுற்றிப் பூசிவிட்ட அதே பவுடர். தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ போன பிறகு விமலாதான் இதை எடுத்துப் போகச் சொன்னாள். "அந்த மேசையப் பாத்தா எனக்கு ஒரு வேலையும் ஓடலண்ணே" என்றாள். அதனால் தம்போயில் உன் வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது இப்போது கூலாயில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

நாம் இருவரும் பள்ளி முடித்து ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் செனாயில் தொழிற்சாலைக்கு, நீ விரைவுப் பேருந்துக்கு ஓட்டுநராக. தெற்கிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளும், எங்கே பனி இறங்கும் என்றெல்லாம் சொல்வாய். அந்தச் சாலையில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், மழையில், மோட்டார் சைக்கிள் சறுக்கியது. கழுத்தெலும்பு முறிந்து, அதற்குக் கீழே உடம்பு செயலிழந்தது. தோளும் மணிக்கட்டும் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவுதான்.

உன் உடம்பு இனிமேல் தன் சூட்டைத் தானே சமாளிக்காது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. நீதான் விளக்கினாய். "ரேடியேட்டர் போயிடுச்சு மச்சான். வண்டி சூடானா சூடுதான், குளுந்தா குளுருதான்." கழுத்துக்கு மேலே வியர்வை கொட்டும். கீழே ஒரு பொட்டு ஈரம் இருக்காது. குளிரூட்ட ஏர்கோன் போட்டால் நடுங்குவாய், நிறுத்தினால் முகம் சிவந்துவிடும்.

ஒருநாள் சாலையைப் பார்க்க வேண்டும் என்றாய். சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிப் போனேன். "இது இல்லலா. ஓட்டுறவன் பாக்குற ரோடு." பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்று இருப்பதும், நம் நெடுஞ்சாலையை யாரோ அதில் வரைந்து சேர்த்திருப்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கான கணினியைப் பாகம் பாகமாக வாங்கி, காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, உன் அறையிலேயே பொருத்திப் பூட்டினேன். நீ படுத்தபடி மேற்பார்வை பார்த்தாய். உன் ஒரு மணிக்கட்டை விளையாட்டு ஸ்டியரிங்கோடு பட்டையால் கட்டி, வேகத்துக்கும் கியருக்கும் மறு கையால் தட்டும்படி பொத்தான்கள் வைத்தேன். திரையில் சாலை விரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினாய்.

கணினிக்குள் கடகடவென்று சத்தம் அன்றைக்கே ஆரம்பித்தது. ஒரு வயர் விசிறி இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது. அதைக் கட்டி ஒதுக்கினேன், நின்றது. அப்போது எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இதெல்லாம் நம் கைக்குள் அடங்கும் வேலை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் உள்ளே வெப்பம் ஏறியது. விசிறிகளின் வேகத்தைக் கூட்டினேன். திரையில் வெப்ப அளவு இறங்க இறங்க, "பாத்தியா, எறங்குது" என்று உனக்குக் காட்டினேன். விமலா கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"அண்ணே, ரூம் அடுப்பு மாதிரி இருக்கு. இவர் மொகத்தப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். உன் முகம் செக்கச் சிவந்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நான் விரட்டிய சூடெல்லாம் நேராக உன் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் போக வேறு இடமில்லை. அவசரமாக எல்லாவற்றையும் நிறுத்தினேன். விமலா ஈரத்துண்டால் துடைத்து, கழுத்தில் பவுடர் போட்டுவிட்டாள். "விடுலா, பஸ்ஸுல கூலாய் தாண்டிட்டேன்ல" என்று நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தேன். திரையில் படம் ஓடும் வேகத்துக்கு வரம்பு வைத்தேன், கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்தேன். சூடு தணிந்தது, சத்தம் அடங்கியது. உன்னால் கூலாயையும் தாண்டி யோங் பெங் ஊர் வரை ஓட்ட முடிந்தது. ஆனால் சில வாரங்களில் மறுபடியும் இரைச்சல். திரையில் ஊர் எல்லை வந்தால் பஸ் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. "இழுக்க மாட்டேங்குது மச்சான்" என்பாய். எதை மாற்றினாலும் நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. ஸ்க்ரூ டிரைவரோடு நான் மண்டியிட்டிருக்க, நீ கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாய். அந்த நேரங்களில் நான் உண்மையில் எதைச் சரிசெய்யப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி ஞாயிறு நான் வந்தபோது அறையில் சத்தமே இல்லை. விமலா உன் நெற்றியில் கை வைத்து நின்றிருந்தாள்.

"கம்ப்யூட்டர் காலைலேர்ந்து ஆஃப்லதான் இருக்குண்ணே. ஆனா சூடு எறங்கல."

அறை குளிர்ந்துதான் இருந்தது. உன்னைத் தொட்டேன், கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. சிறுநீரில் தொடங்கிய கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

உன் துணிகளை எடுத்து வரச் சொல்லி விமலா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். எடுத்து வைத்த பிறகும் எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றினேன். அதுவரை வெளிப்பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டிருந்த தூசு வடிகட்டியை முழுதாக வெளியே இழுத்தேன். உள்பக்கம் மாவு பூசியதுபோல் இருந்தது. அறை சூடாகச் சூடாக விமலா உனக்குப் பவுடர் போட்டாள். அதை இயந்திரம் இழுத்துக்கொண்டது, மூச்சடைத்தது, இன்னும் சூடானது. குழாயடியில் கழுவி, உலர்த்தி, பூட்டி, ஓட்டிப் பார்த்தேன். பஸ் வழுக்கிக்கொண்டு போனது. விசிறிச் சத்தம் கேட்கவே இல்லை. திரையைக் கைபேசியில் காணொளியாகப் பிடித்தேன்.

மறுநாள் வார்டில் உன் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் உன் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"யாரு ஓட்டுறா?"

"நான்தான்."

"லேன் மாறுறப்ப கண்ணாடி பாக்கல நீ."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை. நான் சரிசெய்த வண்டியில் நீ ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

இப்போது தொழிற்சாலையில் என்னைக் கணினி தெரிந்தவன் என்கிறார்கள். போன வாரம், என்னோடு வேலை செய்யும் முருகேசு புதிதாகப் பூட்டிய கணினியைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் கேட்டார். இரைச்சல், வெப்பம், விளையாட்டு தடுக்குகிறது. கைபேசியில் படமெல்லாம் எடுத்து வைத்திருந்தார். விசிறி எந்தப் பக்கம் பார்க்கிறது, வடிகட்டி எப்படி இருக்கிறது என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும்.

"அந்த ரூம்ல யாரு படுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"யாருமில்லண்ணே. ஸ்டோர் ரூம்தான். ஏன்?"

அவர் கைபேசியை வாங்கினேன். படங்களில் கட்டில் ஏதும் தெரிகிறதா என்றுதான் முதலில் தேடினேன்.