எலும்பு ஊசியும் ஹால் சோபாவும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன், வீடே டோபி கடை மாதிரி.

நாளைக்கு ஆஸ்பத்திரி. எலும்பைப் பலப்படுத்தும் ஊசி, முதல் தடவை. எடுத்து வைத்தது: அட்டை, ஸ்வெட்டர் (அங்கே ஏர்கான் ஆளை உறைய வைக்கும்), பல் டாக்டர் கடிதம், பிஸ்கட்.

பல் கடிதம் இல்லாமல் ஊசி கிடையாது. இந்த மருந்து ஏறிய பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு சில பேருக்கு லேசில் ஆறாதாம். அதனால் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. நான் சுட்ட முறுக்கை நான் மட்டும் கடிக்க முடியவில்லை. தெருவே தின்றது. புண் ஆறிவிட்டது என்று போன வாரம்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

பயம் உண்டு. மார்பில் வந்தது எலும்புக்குப் போயிருக்கிறது. இடது இடுப்பு, முதுகில் ஓர் இடம். இந்த ஊசி அதை விரட்டாது, அதற்கு மாத்திரை தனி. எலும்பு பொசுக்கென்று முறியாமல் பிடித்து வைக்கத்தான் இது. வலியும் போகப் போகக் குறையலாம் என்றார்கள். முறியாமல் இருந்தால் சரி. என் காலில் நானே பாத்ரூம் போனால் சரி.

அவர் இன்று லோரி எடுக்கவில்லை. மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போக இன்று வேறு டிரைவர். வீட்டில் இருந்த மிதியடியெல்லாம் சுருட்டி ஸ்டோரில் போட்டார், நான் தடுக்கி விழுந்துவிடுவேனாம். குழம்புச் சட்டியைத் தொட்டால் ஓடி வருகிறார். எல்லாம் செய்கிறார். கிட்டே மட்டும் வருவதில்லை. ஸ்கேன் முடிவு வந்த நாளிலிருந்து ஹால் சோபாவில்தான் படுக்கை. கேட்டால், "ரூம்ல புழுக்கம்லா."

இந்த மழைக்குமா புழுக்கம்?

மார்பை எடுத்தபோதுகூடப் பக்கத்தில்தான் படுத்தார். இப்போது என்ன வந்தது? மருந்து வாடையா? மெலிந்த முடியா? எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளின் கண்ணைத் துடைத்தவள், இந்த வயதில் இதற்கு அழுகிறேன். சின்ன வெங்காயம் உரிக்கும் சாக்கில்.

சாயங்காலம் அவர்: "நாளைக்கு ரத்தம் எடுப்பாங்கள்ல? புவாசா."

அவருக்குச் சர்க்கரை. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போதெல்லாம் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். அதே சட்டம் எனக்கும்.

"எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"ரத்தம்னா புவாசாதான் புள்ள. தண்ணிகூடத் தொடாத."

பிஸ்கட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

ஊசி போடவில்லை.

இருட்டோடு கிளம்பினோம். ஈஜோக் பக்கம் லோரி வரிசை. நேற்று மாலை டீயோடு சரி, அதற்குப் பிறகு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம், காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு சீனக் கிழவர் சூடாகப் பாவ் ரொட்டி தின்றார். அந்த வாசனைக்கே தலை சுற்றியது.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி, நம் மகள் பிரியா வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டர். சிறுநீரக அளவு ஏறியிருக்கிறதாம். மருந்து அது வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் இன்று ஏற்ற முடியாது.

கிட்னியும் போச்சா? ஒவ்வொன்றாகவா?

கூட இருந்த நர்ஸ், மிஸி என்போம், தமிழ்ப் பிள்ளை. குனிந்து கேட்டாள். "ஆன்ட்டி, காலையிலேர்ந்து என்னா குடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. புவாசா."

"யாரு சொன்னா?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்தானா? இதுக்குப் புவாசாவே கிடையாது அங்கிள். நல்லாச் சாப்ட்டு, நெறையாத் தண்ணி குடிச்சிட்டு வரணும்."

தண்ணீர் இல்லாமல் ஏறியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் பார்ப்போம் என்றாள் டாக்டர். அந்த 'வேறு காரணம்' வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அவர் காரை வழியில் நிறுத்தி ஒரு பெரிய தண்ணீர் போத்தல் வாங்கினார். என் கையில் கொடுக்கவில்லை, சீட்டில் பக்கத்தில் வைத்தார். என் விரல்கூடப் படவில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது.

எங்கே திரும்பினாலும் போத்தல். டிவி மேல், கட்டில் ஓரம், சாமி மேடையில்கூட ஒன்று. பார்லி காய்ச்சினார், கஞ்சியாகிவிட்டது, கரண்டியால் தின்றேன். மத்தியானம் சுங்கை செம்பிலாங் போய் நெத்திலி வாங்கி வந்தார், முள்ளோடு தின்றால் கால்சியமாம். புடைத்துச் சுத்தம் பண்ணியதும் அவரே.

பிரியா போன், ராவாங் ஆபீஸிலிருந்து. "சீரியஸ்லி மா? தண்ணி குடிக்கணும்னு நெட்லயே போட்ருக்கு. ஒய் யூ லிசன் டு அப்பா?"

"அவரு பயந்துட்டாருலா. விடு."

அவளிடம் அவரை விட்டுக்கொடுக்க முடியவில்லை. கோபம் எனக்கும் இருக்கிறது.

மிஸி சொன்னது, மறப்பதற்குள்:
முதல் தடவை காய்ச்சல், குளிர், உடம்பு வலி வரலாம். பனடோல். ரெண்டு மூணு நாளில் போய்விடும், அடுத்த தடவை அவ்வளவு இருக்காது.
கால்சியம், வைட்டமின் டி தினமும்.
வாயைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்தால் உடனே போன்.
தாடை வலி, தொடையில் புது வலி என்றாலும் போன்.
எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தைச் சொல்ல வேண்டும்.
வலி மாத்திரை கடையில் சும்மா வாங்கக் கூடாது, சிலது கிட்னிக்கு ஆகாது.

பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமே நாள் போனது. பக்கத்து வீட்டுப் பூனை சன்னலில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தது.

நவம்பர் 7, வெள்ளி

இறங்கிவிட்டது! அளவு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. தண்ணீர்தான் காரணம். டாக்டர் கட்டை விரலைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை, இரண்டும் வந்தது. அவர் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஊசி ஊசி என்கிறோம், சின்னப் பை ஒன்றைத் தொங்கவிட்டு ஏற்றுவதுதான். கையில் குத்தும்போது எறும்புக் கடி, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியம்மாவோடு சம்பால் அரைப்பது பற்றிப் பேசி முடிப்பதற்குள் பை காலி. இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டேன்?

அவர் முழு நேரமும் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மில்லில் லோரியை எடை போடும்போது பார்ப்பாராம், அந்தப் பார்வை.

நவம்பர் 8, சனி

வந்துவிட்டது. காய்ச்சல். குளிர். ஒவ்வொரு எலும்பும் தன் பேரைச் சொல்லி வலிக்கிறது, எனக்கு இத்தனை எலும்பு இருப்பதே இன்றுதான் தெரியும். மிஸி சொல்லியிருந்தாள், தெரிந்ததுதான். தெரிந்தும் பயம். பரவிவிட்டதோ என்று மனசு ஒரு பக்கம் ஓடியது.

பனடோல். தண்ணீர். போர்வை இரண்டு.

மிஸி கொடுத்த நம்பருக்கு அவரே போன் பண்ணினார். "இது நார்மல் அங்கிள். கூடிக்கிட்டே போனா, இல்ல மூணு நாளுக்கு மேல இருந்தா, கொண்டாங்க." அதை என்னிடம் வந்து இரண்டு தடவை சொன்னார். கதவு நிலையில் நின்றுகொண்டு.

"ஏங்க, காலைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்."

"வேணாம் புள்ள."

கை நீட்டியதைப் பார்த்தேன். நீட்டி, இழுத்துக்கொண்டார். அதோடு என் பொறுமை போயிற்று.

"என்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கா உங்களுக்கு?"

முகம் வெளுத்துவிட்டது. வெளியே போனார். மழையில் லோரி கழுவும் சத்தம் கேட்டது. மழையே கழுவிக்கொண்டிருக்கிற லோரியை.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டது நல்லது. தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. வியர்த்து, பாவாடையெல்லாம் நனைந்து, லேசாக எழுந்தேன். கால் வலி பாதி. பசி! ரசமும் சோறும். டின் அடியில் கிடந்த கடைசி முறுக்கை டீயில் ஊறவைத்து, பல் இல்லாத பக்கமாக ஒதுக்கித் தின்றேன்.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே. பேச்சு இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் எவ்வளவு பெரியது.

நவம்பர் 10, திங்கள்

மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். மெதுவாகத்தான். நானே போனேன், நானே வந்தேன். கீரை, தயிர், விளக்குத் திரி.

இடுப்பு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி. இவ்வளவு சீக்கிரம் குறையாது என்பார்கள். இருக்கட்டும், குறைந்த மாதிரிதான்.

நவம்பர் 11, செவ்வாய்

கால்சியம் இறங்கிவிட்டதா என்று பார்க்க ரத்தம். இன்று வயிறு முட்டத் தோசை. முடிவு நன்றாக இருக்கிறது. சிறுநீரகமும் சரி. அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

"வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" டாக்டர் வழக்கமாகக் கேட்பதுதான். நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டி, நிமிர்த்தி, மறுபடி சுருட்டினார்.

"டோக்டோர். சாயா போலே தீடோர் செபெலா டியா?"

இவள் பக்கத்தில் நான் படுக்கலாமா என்று. மலாயில். அத்தனை சத்தமாக.

டாக்டர் மிஸியைப் பார்த்தாள். மிஸி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அப்புறம் தமிழில் மிஸியிடம் கொட்டிவிட்டார். "ஸ்கேனுக்கு மொத நாளு ராத்திரி, தூக்கத்துல என் கையை இவ இடுப்பு மேல போட்டுட்டேன்மா. அம்மான்னு ஒரு கத்து கத்துனா. மறுநாளு பார்த்தா எலும்புல இருக்குங்கறாங்க. சும்மா முறிஞ்சிடும்ங்கறாங்க. என் உடம்பைப் பாரு. இந்தக் கையைப் பாரு. நான்தான் ஏதும்..."

கத்தியது எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. அந்த ஒரு சத்தத்தை இத்தனை நாள் சுமந்துகொண்டு சோபாவில் கிடந்திருக்கிறார். நான் என்னவோ என் முடியையும் தழும்பையும் நொந்துகொண்டிருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை, அதற்கு அவள் நன்றாக இருக்க வேண்டும். படத்தைத் திருப்பிக் காட்டினாள். இது மாதக் கணக்காக இருந்தது, உங்கள் கையால் வந்ததில்லை. ஏற்கெனவே இருந்ததால்தான் கை பட்டபோது வலித்திருக்கிறது. எக்ஸ்ரே பார்த்தோம், இப்போதைக்கு இடுப்பு எலும்பு தாங்கும். கனம் தூக்க வேண்டாம், குனிந்து திரும்ப வேண்டாம், விழ வேண்டாம். பக்கத்தில் படுக்கலாம்.

மிஸி தன் பங்குக்கு: "கட்டிப் பிடிக்கலாம் அங்கிள். தூக்கிச் சுத்தாதீங்க, அவ்வளவுதான்."

காரில் நான் ஆரம்பித்தேன். "என்கிட்ட கேட்டா என்னவாம்?"

"உன்கிட்ட கேட்டா வலிக்கலைம்பே. வலிச்சாலும் பொறுத்துக்குவே. எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான்.

கொஞ்ச தூரம் போய், "அன்னிக்கு அப்படிக் கேட்டியே புள்ள. சோறு எறங்கல," என்றார். சாலையைப் பார்த்தபடியே இடது கையை எடுத்து என் கை மேல் வைத்தார். கியர் மாற்ற எடுத்தார், மறுபடி வைத்தார். வீடு வரைக்கும் அப்படித்தான். தேவைக்கு மேல் கியர் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. பிரியா போன்: "இன்னிக்கு என்னா மா குரல் வேற மாதிரி இருக்கு?"

நேற்று தலையணையோடு வந்து நின்றார், புதுப் பையன் வகுப்பு வாசலில் நிற்பது போல. கட்டிலின் ஓரத்திலும் ஓரம், பாதி உடம்பு வெளியே. "இப்ப நீங்கதான் விழுவீங்க," என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் வலது பக்கம் படுத்தார், நல்ல இடுப்புப் பக்கம். அதையும் யோசித்து வைத்திருக்கிறார்.

குறட்டை. மறந்தே போயிருந்தேன் அதை. பாதி நேரம் தூங்கவில்லை.

விடியும்போது அவர் கை என் மேல் கிடந்தது. கனம்தான். வலி இல்லை. நேற்று குடித்த தண்ணீரெல்லாம் சேர்ந்து பாத்ரூமுக்கு முட்டிக்கொண்டு வந்தது, எழுந்தால் கையை எடுத்துவிடுவார். அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.