மிலேனாவின் கையில் அழிந்த எண்

ஹெர்னான்,

"கையில எழுதின எண் அழிஞ்சு போச்சும்மா, இப்ப நான் எந்தத் தடத்துல குதிக்கிறது?" என்று போன வருடம் மிலேனா கேட்டாளே, நாம் பதில் தேடுவதற்குள் அவள் போட்டியே முடிந்துவிட்டது. இன்று இந்தப் பருவத்தின் முதல் போட்டி. மறுபடியும் அப்படி நடந்தால் நீச்சலையே விட்டுவிடுவாள்.

நான் பயிற்சி கொடுக்கும் மற்றப் பிள்ளைகளோடு காலை ஐந்து மணிப் பேருந்தில் போகிறேன். நீ அவளை ஏழு மணிக்குள் குளத்துக்கு அழைத்து வா. அவளுக்குச் சோள ரொட்டி, அரெப்பா, இரண்டு மூடி வைத்திருக்கிறேன். பாலாடைக்கட்டி வேண்டாம், வயிறு கனக்கும். சாவியைப் பக்கத்து வீட்டு ஃபானியிடம் கொடு. வெயிலுக்கான களிம்பை வீட்டிலேயே தேய்த்துவிடு. எண் எழுதிய பிறகு கையைத் தொடவே தொடாதே.

நேற்று அவள், "அப்பா வர வேணாம், அவர்தானே தேய்ச்சு அழிச்சாரு" என்றபோது நீ வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

நுபியா

பி.கு.: அன்று எண்மேல் களிம்பைத் தேய்த்தது நான். "கோச் பொண்ணுக்கே தடம் தெரியலையா?" என்று எல்லோரும் சிரித்தபோது, "தப்பு என்னோடது" என்று நீ முன்னால் வந்து நின்றாய். இன்று கிளம்புமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளக் கை எழவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தபோது மிலேனாவை எழுப்பி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அப்பாவே எழுதட்டும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பேனா உன் சட்டைப் பையில் இருக்கிறது.