மாமனாரும் பேப்பர் விமர்சனமும்

14.7.2013, ஞாயிறு

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததற்காகக் கவிதாவையும் அவள் அப்பாவையும் குன்றத்தூரில் படத்துக்கு அழைத்துப் போனேன். படத்தில் பெண்ணின் அப்பா மாறுவேடத்தில் போய் மாப்பிள்ளையை வேவு பார்க்கிறார். தியேட்டரே அதிர்ந்தது. இடைவேளையில் மேதாவித்தனமாக, “பேப்பர்ல கிழிச்சிட்டாங்க மாமா. எந்த மாமனார் இப்படிப் பண்ணுவாரு, நம்பவே முடியலன்னு போட்டிருக்காங்க” என்றேன்.

மாமா பாப்கார்னை மென்றபடியே சொன்னார்: “இன்னாத்த நம்ப முடியல? மார்கழில நானே மங்கி குல்லா போட்டுக்கினு ஒரகடத்துல உன் ரூமுக்கு எதிர் டீக்கடைல குந்தினு இருந்தேன். அந்தக் கல்லு வடைய வேற தின்னேன்.”

“என்ன மாமா பாத்தீங்க?”

“துணி தொவைக்கறப்பல்லாம் பாடிக்கினே கீற. காது குடுத்துக் கேக்க முடியல. ஆனா இவன் வூட்ல என் பொண்ணு சிரிச்சிக்கினு இருப்பான்னு தோணுச்சி.”

கவிதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அதே டீக்கடையில் சூப்பர்வைசரை நான் திட்டியதையும் கேட்டிருப்பாரோ? போகட்டும். விமர்சனம் எழுதியவருக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நாளை எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் துணி துவைக்க வேண்டும். பாடத்தான் போகிறேன்.